மாங்காய் போட்ட இருபத்து நான்கு போர்வைகள்

எங்கள் தையல் கூடத்துக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் மிஷின் வந்திருக்கிறது. அதற்குள்ளேயே நானூறு டிசைன் இருக்கிறதாம். பொத்தானை அமுக்கினால் அதுவே தைத்துக்கொள்ளுமாம். போன வாரம் சகாயமேரி போன் செய்தாள். என்னோடு பக்கத்து மிஷினில் உட்கார்ந்து பல வருடம் தைத்தவள், இப்போது அங்கே அவள்தான் மூத்தவள்.

"அக்கா, நானூறுல எதை எடுக்குறது, எதை விடுறதுன்னு தலை சுத்துது. நீங்க எப்படி எடுப்பீக? அதை ஒரு நோட்டுல எழுதிக் குடுங்களேன். புதுப் பிள்ளைகளுக்கு ஆகும்."

"பாக்குறேன்த்தா" என்று வைத்துவிட்டேன். டிசைன் எடுப்பதைப் பற்றி எழுது என்றால் நான் அந்த இருபத்து நான்கு போர்வைகளைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் பொய்யாகப் போகும். சரி, எழுதித்தான் தொலைப்போமே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் பாண்டியம்மாள். ஒத்தக்கடையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். பத்தாவது முடித்ததும் தையல் பயிற்சி, அதற்குப் பிறகு டவுனில் ஒரு எம்பிராய்டரி கடையில் பன்னிரண்டு வருடம் ரவிக்கைக்குப் பூப் போட்டேன். மாங்காய் டிசைன் என்றால் பாண்டியம்மா என்று கேட்டு வருவார்கள். அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைப்பானேன். பிறகு கல்யாணம், மூன்று பிள்ளைகள், எல்லாம் ஆகி இந்தக் கூடத்துக்கு வந்தேன்.

கூடம் பழைய டவுனுக்குள் ஒரு மாடியில் இருந்தது. தையல் கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துணிகளை வாங்கி வருவோம். அவற்றைச் சதுரம் சதுரமாக ஒட்டுப் போட்டு மேல்துணி ஆக்குவோம். நடுவில் மெல்லிய பஞ்சு ஷீட், கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் ஒட்டுப் போர்வை. ஆஸ்பத்திரி வார்டு, முதியோர் இல்லம், பிள்ளைகள் விடுதி என்று எல்லாம் இலவசமாகப் போகும். அந்த மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கிற தையல்தான் எங்கள் வேலை. மிஷினின் பல்லை இறக்கிவிட்டால் துணி தானாக நகராது. நாம்தான் இரண்டு கையாலும் துணியை ஓட்ட வேண்டும். ஊசி ஓரிடத்தில் குத்திக்கொண்டே இருக்கும், கை எப்படிப் போகிறதோ அப்படிக் கோடு விழும். கையோட்டம் என்று சொல்வோம். அலை போடலாம், இலை போடலாம், பூப் போடலாம், மனசில் என்ன இருக்கிறதோ அதைப் போடலாம். அதில்தான் வினையே.

கூடத்துக்குப் பொறுப்பு நூர்ஜஹான் மேடம். பழைய டவுனில் மூன்று தலைமுறை ஜவுளி வியாபாரம் செய்த குடும்பம். துணி என்றால் அவருக்குக் கையிலேயே கண் இருந்தது. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே கிடையாது, ஆனாலும் அவர் படியேறி வருகிற சத்தம் கேட்டால் பதினோரு மிஷினும் வேகம் குறையும். முடித்த போர்வையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் முதலில் திருப்பிப் போடுவார். மோதிரத்தைக் கழற்றி டம்ளருக்குள் போடுவார். பழைய நைலான் துப்பட்டா ஒன்று வைத்திருந்தார். அதை வலது கையில் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி, போர்வையின் அடிப்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை தடவுவார். எங்கேயாவது நூல் தூக்கி நின்றால் நைலான் அதில் மாட்டும். மாட்டிய இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கோத்து வைத்துவிட்டு, "ம்" என்பார். அந்த 'ம்'முக்கு ஏச்சே பரவாயில்லை.

டிசைனையும் அவர்தான் சொல்வார். சொல்வதற்கு முன் எங்களிடம் கேள்வி கேட்பார். யார் போர்த்தப்போகிறார்கள்? எத்தனை தடவை துவைப்பார்கள்? வெந்நீரில் போடுவார்களா? படுத்திருக்கிறவர் கை சும்மா இருக்குமா?

கடைசிக் கேள்வி எனக்கு முதலில் விளங்கவில்லை. முதியோர் இல்லத்துக்குப் பெரிய பெரிய பூவாகப் போட்டுக் கொடுத்தோம், பார்க்க அம்புட்டு அழகு. ஒரு மாதத்தில் பாதிப் போர்வை பிரிந்து வந்தது. அங்கே நினைவு தப்பிய ஒரு அம்மா நாள் முழுக்க உட்கார்ந்து பூப்பூவாக நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தாராம். "அவங்க பூப் பறிச்சிருக்காங்க, பாண்டியம்மா. தப்பு நம்ம மேல" என்றார் மேடம். அதற்குப் பிறகு முதியோர் இல்லத்துக்கு நெருக்கமாக, மண்புழு போன தடம் மாதிரி வளைந்து வளைந்து போகிற ஓட்டம்தான். நகம் நுழைய இடம் இருக்காது. பிள்ளைகள் விடுதிக்கு எங்கும் முறியாத ஒரே கோடு. படுத்துக்கொண்டு விரலால் பஸ் ஓட்டுவார்கள், ஹாரன் சத்தம் வேறு கேட்கும்.

பச்சைப்பிள்ளை வார்டுக்கு மட்டும் பேச்சே கிடையாது. அகலமான அலை, அவ்வளவுதான். கூரான வளைவு கூடாது. பருத்தி நூல் மட்டும், ஏனென்றால் இழுத்தால் அறுந்துவிடும். அடித்துணிக்கு நன்கொடையாக வருகிற பழைய வேட்டி, கொதிக்கவைத்து வெயிலில் காய்ந்தது. அது மெல்லிசாக இருக்கும், சீக்கிரம் உலரும், அதனால்தான் அதை வைத்தோம். வேறு எதையும் நாங்கள் யோசிக்கவில்லை. மூன்று பிள்ளை பெற்றவள், நானும் யோசிக்கவில்லை.

அந்த வாரம் மேடத்தின் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். ஒரு வாரம் வர முடியாது என்று சாவியையும் சோதனை நோட்டையும் என்னிடம் கொடுத்துப் போனார். பிரசவ வார்டுக்கு இருபத்து நான்கு போர்வைகள், திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். துணி கொடுத்தவர்களில் ஒரு அம்மா வியாழக்கிழமை பார்க்க வந்தார். அலை போட்ட மாதிரியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, சும்மா கோடு கோடா இருக்கு. போட்டோவுல ஒண்ணுமே தெரியாதே. வேற ஒண்ணும் உங்களுக்கு வராதா?" என்றார்.

வராதாவா! எனக்கு வந்தது பாருங்கள் ரோஷம். பன்னிரண்டு வருடம் மாங்காய் போட்ட கையைப் பார்த்து வராதா என்றால்? அவர் படியிறங்கும் முன்னால் நான் சாக்பீஸை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு மாங்காய். பருத்தி நூல் மங்கலாகத் தெரியும் என்று, ரவிக்கைக்குப் போடுகிற பளபளப்பு நூலை எடுத்தேன். அது பாலியஸ்டர். இழுத்தால் கையை வெட்டுமே தவிர, தான் அறாது.

மாங்காயின் மூக்கு இருக்கிறதே, அந்த இடத்தில் கை சட்டென்று திரும்ப வேண்டும். அவசரத்தில் கை முந்தும், ஊசி பிந்தும். மேலே ஒன்றும் தெரியாது. அடியில் நூல் இறுகாமல் சின்னச் சின்னக் கண்ணியாக நின்றுவிடும். ரவிக்கை என்றால் உள்ளே லைனிங் வைத்து மூடிவிடுவோம், அதனால் எங்கள் கடையில் யாரும் அதைக் குற்றமாகவே நினைத்ததில்லை. இங்கே மூட எதுவும் இல்லை.

சகாயமேரிதான் பார்த்தாள். "அக்கா, அடியில நூல் நிக்குது பாருங்க. பிரிச்சிருவமா?"

நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம், பலரிடம் அப்படித்தான் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் பார்த்தேன். துப்பட்டாவை எடுத்துக் கையில் சுற்றித் தடவியிருந்தால் இருபத்து நான்கிலும் மாட்டியிருக்கும். அது தெரிந்துதான் துப்பட்டாவை எடுக்கவில்லை.

"கட்டில்ல கிடக்குற பக்கம்தானடி. யாரு பாக்கப் போறா? விடு" என்றேன். நோட்டில் என் கையெழுத்தைப் போட்டேன்.

திங்கட்கிழமை போட்டோ எடுத்தார்கள். மாங்காய் நன்றாகவே விழுந்திருந்தது.

அடுத்த வாரம் மேடம் வந்த மறுநாள், வார்டிலிருந்து நர்ஸம்மா போன் செய்தார். மேடம் போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். பிறகு, "பாண்டியம்மா, செருப்பைப் போடு" என்றார்.

பரவைப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் பிள்ளை. பிறந்து ஒன்பது நாள். காலையிலிருந்து வீறிட்டு அழுதிருக்கிறது. பால் கொடுத்தாலும் நிற்கவில்லை, தோளில் போட்டாலும் நிற்கவில்லை. எறும்பு கடித்ததோ என்று நர்ஸம்மா துணியை அவிழ்த்துப் பார்த்திருக்கிறார். இடது கால் சுண்டுவிரல் கருநீலமாக வீங்கியிருந்தது. விரலின் அடியில் நூல் ஒன்று சுற்றி இறுகி, சதைக்குள் பதிந்து, கண்ணுக்கே தெரியவில்லையாம். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துத்தான் வெட்டி எடுத்தாராம். நாங்கள் போனபோது அந்த நூலைக் காகிதத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள். பளபளவென்று இருந்தது.

"இன்னும் அரை நாள் விட்டிருந்தா விரல் போயிருக்கும்" என்றார் டாக்டர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார்.

"அது கீழ்ப்பக்கம்ல சிஸ்டர் இருக்கும்? பிள்ளை மேல எப்படிப் பட்டுச்சு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

பிள்ளையின் தாய் கட்டிலில் இருந்து சொன்னாள்: "பச்சப்பிள்ளை மேல புதுத்துணி படலாமாக்கா? பழைய வேட்டி இருந்துச்சு. அந்தப் பக்கத்தைத்தான் உள்ளாற வச்சுச் சுத்துனேன். எல்லாருந்தான் அப்படிச் சுத்துறாக."

திரும்பிப் பார்த்தேன். வார்டில் மிச்சம் இருந்த எல்லாப் பிள்ளைகளும் மாங்காய் வெளியே தெரிய, வேட்டிப் பக்கம் உடம்பில் பட, சுருண்டு கிடந்தன. யாத்தே! என் மூன்று பிள்ளைகளையும் அவர்கள் அப்பாவின் பழைய வேட்டியில் அல்லவா நான் சுற்றினேன்? பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போட வந்த என் நாத்தனாரை விரட்டியவள் அல்லவா நான்? மிஷின் முன்னால் உட்கார்ந்ததும் இது எனக்கு எப்படி மறந்தது?

மேடம் அங்கேயே ஒவ்வொரு கட்டிலாகப் போனார். தாய்மார்களிடம், "பிள்ளையைக் கொஞ்சம் குடும்மா" என்று கேட்டு வாங்கி, அவிழ்த்து, விரல் விரலாகப் பார்த்தார். கை பத்து, கால் பத்து. நான் போர்வைகளை உருவி மடியில் போட்டுக்கொண்டேன். ஒன்பது கிடைத்தது. பதினைந்து பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"லிஸ்டை எடு. போன்ல சொல்றவங்களுக்குச் சொல்லு. ஆனா நேர்லயும் போவோம்" என்றார். ஏசவே இல்லை. இரண்டு நாள் ஆட்டோவிலும் பஸ்சிலும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், வேலையைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நான்தான் முதலில் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டார். நான் தைத்தது, நூல் நிற்கிறது, பிள்ளை விரலைப் பார்க்கணும். இதைப் பதினான்கு வாசலில் சொன்னேன். ஒரு வீட்டில் பிள்ளையின் தகப்பன், "ஓசியில குடுத்தா என்னத்தையும் குடுப்பீகளா?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். இன்னொரு வீட்டில் காப்பி போட்டுக் கொடுத்து, போர்வையை மட்டும் தரமாட்டேன் என்று அழுதாள் ஒரு பெண். பிள்ளைக்கு வந்த முதல் புதுப்பொருளாம். அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாக வெட்டி, வேட்டிக்கு மேல் இன்னொரு பழந்துணியைக் கையால் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். பதினான்கு பிள்ளைகளுக்கும் விரல் நன்றாக இருந்தது. பரவைப் பிள்ளைக்கும் நாலு நாளில் வீக்கம் வடிந்து நிறம் திரும்பிவிட்டது.

பதினைந்தாவது பெயர் ராஜேஸ்வரி. பெண் குழந்தை. ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். கொடுத்திருந்த நம்பர் அணைந்தே கிடந்தது.

மூன்றாம் நாள் காலை பஸ் பிடித்துப் போனோம். டீக்கடையில் கேட்டு, ரேஷன் கடையில் கேட்டு, வெயிலில் ஒரு மைல் நடந்து வீட்டைக் கண்டுபிடித்தோம். பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ராஜேஸ்வரியா? அவுக புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போயிட்டாகளே. முந்தாநேத்துத்தான் போனாக."

"பிள்ளை?"

"பிள்ளைய விட்டுட்டா போவாக? அந்தப் புதுப் போர்வையிலதான் சுத்தித் தூக்கிட்டுப் போனா. பிள்ளைதான் ரெண்டு நாளா ஒரே அழுகை. வயித்து வலியா இருக்கும்னு ஓமத்தண்ணி காச்சிக் குடுத்தேன். நிக்கவே இல்ல. பஸ்சுல ஏறுறப்பவும் கத்திக்கிட்டேதான் போச்சு."

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை நாளில் அது ஒன்றுதான். "யா அல்லாஹ்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

எந்தக் கம்பெனி என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. ஏஜெண்டு ஒருவன் கூட்டிப்போனானாம், அவன் நம்பரும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னோம், கிராமத்து நர்ஸிடம் சொன்னோம், தெரிந்தவர் மூலமாகத் திருப்பூரில் இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளில் விசாரித்தோம். ராஜேஸ்வரி என்ற பெயருக்கா பஞ்சம்? அந்த நம்பருக்கு நான் ஆறு மாதம் தினமும் அடித்தேன். ஆறு மாதம் கழித்து ஒருவர் எடுத்தார். கோயம்புத்தூர்க்காரர், புதிதாக சிம் வாங்கியிருக்கிறார்.

வயிற்று வலியாகவும் இருக்கலாம். பிள்ளை என்றால் அழத்தானே செய்யும்? ராஜேஸ்வரியே அவிழ்த்துப் பார்த்து நூலைக் கண்டிருக்கலாம், பல்லால் கடித்து எடுத்திருக்கலாம். இதையெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொள்வேன். பாலியஸ்டர் நூல் பல்லுக்கு அறாது என்பதும் உடனே ஞாபகம் வந்துவிடும்.

வேலையை விட்டுப் போகிறேன் என்று மேடத்திடம் சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.

"தப்பிச்சுப் போகலாம்னு பாக்குறியா? பயம் உனக்குத்தான் வந்திருக்கு. இனி டிசைன் நீதான் சொல்லணும். உக்காரு" என்றார்.

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்த மேசையில் நான்தான். எத்தனையோ நூறு போர்வைகள் போயிருக்கும், ஒன்றையும் நிம்மதியாக அனுப்பினேன் என்று சொல்ல முடியாது. கட்டி வைத்த மூட்டையை வண்டி ஏற்றுவதற்கு முன் மறுபடி பிரிப்பேன். கூடத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள், "அக்காவுக்கு மறுபடியும் வந்துருச்சு" என்று. சிரிக்கட்டும். சகாயமேரி மட்டும் சிரிக்கமாட்டாள், கூட வந்து பிரிப்பாள்.

ஆகவே மேரி, உன் நானூறு டிசைனுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: மிஷின் எதை வேண்டுமானாலும் போடட்டும். முடிந்ததும் திருப்பிப் போட்டு, அந்தப் பக்கம் ஒரு பிள்ளையின் உடம்பில் படும் என்று நினைத்துத் தடவு. நீ நினைக்கிற பக்கத்தையே அவர்கள் மேலே போட்டுக்கொள்வார்கள் என்று எந்தப் போர்வையிலும் எழுதியில்லை.

ராஜேஸ்வரியின் பிள்ளை இருந்தால் இப்போது ஆறு வயது நடக்கும். அந்த வயதில் பெண்பிள்ளையை எங்கே பார்த்தாலும் என் கண் காலுக்குப் போய்விடுகிறது. கோயில், கல்யாண மண்டபம், செருப்புக் கடை, எங்கே என்று இல்லை. ஐந்து, ஐந்து என்று எண்ணி முடித்தால்தான் மூச்சு வரும்.

போன மாதம் மேலூர் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெண், மடியில் அந்த வயதுப் பிள்ளை. செருப்பு இல்லாத வலது கால் என் பக்கம் தொங்கியது. ஐந்தும் இருந்தது. இன்னொரு கால் அம்மாவின் சேலைக்குள் மடங்கியிருந்தது.

"எந்த ஊருத்தா?" என்று கேட்டேன்.

"கொட்டாம்பட்டிப் பக்கம்."

"திருப்பூர்ல இருந்தீகளா?"

"ஆமா, கொஞ்ச நாள் இருந்தோம். எதுக்குக் கேக்குறீக?"

பெயரைக் கேட்டிருக்க வேண்டும். என் கை தானாகப் பிள்ளையின் பக்கம் போய்விட்டது. "பாப்பா, அந்தக் காலையும் காட்டுத்தா" என்றேன்.

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சேலையை இழுத்துப் பிள்ளையின் காலை மூடினாள். "வெறிச்சு வெறிச்சுப் பாத்துக் கண்ணு வைக்காதீக" என்று சொல்லி எழுந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்சீட்டுக்குப் போய்விட்டாள்.

எழுந்து பின்னாலேயே போயிருக்கலாம். பதினான்கு வாசலில் சொன்னதைப் பதினைந்தாவதாக அங்கே சொல்லியிருக்கலாம். நான் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒத்தக்கடை வந்தது, இறங்கினேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கமாக எட்டி எட்டிப் பார்த்தேன். பிள்ளை எனக்குக் கை காட்டியது. கால் சேலைக்குள்தான் இருந்தது.